பாட்டும் படமும் படிப்பில்லையா?

(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்கான பாடம்)



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் நம் குழுக்களில் உள்கடன் கேட்பது கூடிவிடும். நோட்டு, பை, செருப்பு என்று சின்னத் தொகையாகக் கேட்பவர்கள் ஒரு பக்கம். பிள்ளையை ஊர்ப் பள்ளியிலிருந்து எடுத்து, வேன் வருகிற தனியார் பள்ளியில் சேர்ப்பதற்குப் பெரிய தொகையாகக் கேட்பவர்கள் இன்னொரு பக்கம். ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டால் பல பேர் சொல்கிற காரணம் ஒன்றுதான். "நம்ம ஸ்கூல்ல எங்கக்கா படிப்பு சொல்லித் தர்றாங்க? எப்பப் பார்த்தாலும் பாட்டுப் பாடுறதும் படம் வரையறதுமாத்தான் இருக்கு."

பள்ளியை மாற்றுவதும் மாற்றாததும் அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. அதில் நாம் தலையிடப் போவதில்லை. ஆனால் இந்தக் காரணம் சரிதானா என்று பார்க்க வேண்டும். பாட்டும் படமும் படிப்பைக் கெடுக்கிறதா, இல்லை அதுவும் படிப்புத்தானா? மாதா மாதம் அசலும் வட்டியும் கட்டப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

கை பழகினால் எழுத்து வரும்

ஐந்து வயசுப் பிள்ளை கையில் முதல் முதலாகப் பல்பத்தைக் கொடுத்துப் பாருங்கள். உலக்கை பிடிக்கிற மாதிரி முழுக் கையால் பிடிக்கும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பிடிக்கிற பிடி ஒரே நாளில் வந்துவிடாது. களிமண்ணை உருட்டி, காகிதத்தைக் கிழித்து ஒட்டி, கோடும் வட்டமுமாகக் கிறுக்கிக் கிறுக்கித்தான் விரலுக்குப் பலம் வரும். பூக்கட்டத் தெரிந்த நமக்கு விரல் பழக்கம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் நாள் கட்டின சரமும் மூன்றாம் மாதம் கட்டின சரமும் ஒன்றா?

நம் தமிழ் எழுத்தில் ட, ப இரண்டும் நேர்க்கோடு. அதனால்தான் பல இடங்களில் அதை முதலில் சொல்லித் தருகிறார்கள். இ, ண, ஐ என்று போகும்போது சுழியும் வளைவும் வந்துவிடும். வளைவு வராத கையை அதட்டினால் எழுத்து வராது, அழுகைதான் வரும். அந்தக் கை வாழைப்பழம் வரையட்டும், நத்தை வரையட்டும். வளைவு தானாக வந்து சேரும்.

படம் வரைவதில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஆடு வரையச் சொன்னால் சின்னப் பிள்ளை நான்கு காலையும் வரிசையாக ஒரே பக்கம் வரையும். கொம்பு முன்னால் வளையுமா பின்னால் வளையுமா என்று நடுவில் ஒரு சந்தேகம் வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தினமும் பார்க்கிற அதே ஆட்டை நின்று பார்க்கும். அப்படி உற்றுப் பார்க்கிற பழக்கம்தான் பின்னால் அறிவியல் பாடத்துக்கும் வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறோம். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு வீடு, ஒரு தென்னைமரம். எந்த ஊர்ப் பிள்ளை நோட்டைத் திறந்தாலும் இந்தப் படம் இருக்கும். மலையே இல்லாத ஊரிலும் மலை இருக்கும்! கரும்பலகையில் ஒருவர் வரைந்ததை வகுப்பே பார்த்து எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அதைப் படம் வரைகிற வகுப்பு என்று சொல்ல முடியாது. நேற்று சந்தையில் என்ன பார்த்தாய், உங்கள் கிணறு எப்படி இருக்கும், அதை வரை என்று கேட்டால்தான் பிள்ளை யோசித்து வரையும்.

வாசலில் இருக்கிற கணக்கு

நம்மில் பலர் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக்கொண்டே காலையில் வாசலில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். 7 புள்ளி வைத்து, ஊடுபுள்ளியாக 4 வரை குறைத்துக்கொண்டு வருகிற கோலம் நமக்குத் தெரியும். நடுவரிசையில் 7, அதற்கு மேலே 6, 5, 4. கீழேயும் அதே மாதிரி 6, 5, 4. மொத்தம் எத்தனை புள்ளி? ஒவ்வொன்றாக எண்ணினாலும் 37. மேலேயும் கீழேயும் ஒரே மாதிரிதானே, ஒரு பக்கத்துக்கு 15, இரண்டு பக்கத்துக்கு 30, நடுவில் 7 என்று சேர்த்தாலும் 37. இரண்டாவது முறையில் எண்ணத் தெரிந்த பிள்ளைக்குக் கூட்டலும் இரட்டிப்பும் ஒரே நேரத்தில் விளங்கிவிடும். அதே பிள்ளையிடம் நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 3, 1 வைத்தால் எத்தனை என்று கேளுங்கள். 13 என்று சொல்லும்.

சிக்குக்கோலம் இன்னும் ஒரு படி மேலே. ஒரு புள்ளியைக்கூட விடாமல் சுற்றி, தொடங்கின இடத்துக்கே கம்பி வந்து சேர வேண்டும். எந்த இடத்தில் வளைத்தோம் என்பது மனசில் நின்றால்தான் சேரும். இதைப் படித்தவர்கள் சும்மா விடவில்லை. 1974-ல் நம் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் கோலத்தை அடிப்படையாக வைத்து, கம்ப்யூட்டரில் படங்களை விதிமுறையாக எழுதுவது பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். நம் பாட்டிமார் ஈர வாசலில் போட்டது இது.

இந்தக் கோலத்தைப் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்புத் தரையில் சுண்ணக்கட்டியால் போட்டால் கணக்குப் பாடம். பையன்களும் போடட்டும். கோலம் பொம்பளைப் பிள்ளை வேலை என்று ஒதுக்கினால் நஷ்டம் பையன்களுக்குத்தான்.

நடித்தால் பேச்சு வரும்

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். எழுந்து பதில் சொல்லச் சொன்னால் கால் நடுங்கும். அதே பிள்ளையிடம் "நீதான் நரி, காக்காவிடம் வடையை எப்படிக் கேட்பாய்?" என்றால் பேசிவிடும். பேசுகிறது நரிதானே, தப்பாகப் போனால் நரி தப்புச் செய்தது என்று ஆகிவிடும். இந்தத் தைரியம் நமக்குப் புதிதில்லை. முதல் குழுக் கூட்டத்தில் நம் பெயரைச் சொல்வதற்கே எத்தனை பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றோம்!

கலையைப் பற்றி மிகைப்படுத்தியும் பேசுகிறார்கள், அதையும் நாம் நம்பிவிடக் கூடாது. படம் வரைந்தால் கணக்கில் நூற்றுக்கு நூறு வரும் என்று யாராவது வகுப்பு நடத்திப் பணம் கேட்டால் யோசியுங்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருஷத்து ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2000-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். படம் வரைவதால் மற்றப் பாடங்களில் மார்க் கூடுகிறது என்பதற்கு அவர்களுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் வகுப்பில் கதையை நடித்துப் பார்க்கிற பிள்ளைகளுக்குப் பேச்சுத் திறனும், படித்ததைப் புரிந்துகொள்வதும் கூடுகிறது என்பது உறுதியாகத் தெரிந்தது. ஆகவே மார்க்குக்காக மட்டும் கலையைப் பார்க்க வேண்டாம். உற்றுப் பார்க்கவும், சேர்ந்து ஒரு காரியம் செய்யவும், கூச்சமில்லாமல் நாலு பேர் முன்னால் நிற்கவும் பிள்ளைக்குத் தெரிவது பெரிய விஷயம் இல்லையா?

நமக்கு எழுத்து வந்த வழி

1991 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மற்ற மாவட்டங்களிலும் நடந்தது. படிக்க வாங்க என்று நோட்டீசு ஒட்டினால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அதனால் கலைக்குழு ஊர் ஊராகப் போனது. பாட்டும் வீதி நாடகமுமாக நடத்தினார்கள். கல்குவாரியில் உடைத்தவர்களும் களை எடுத்தவர்களும் ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதோடு நிற்காமல் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அன்று கைநாட்டை விட்ட பல பேர் இன்றைக்குப் பாட்டிகள். வயசான நமக்கே பாட்டும் நாடகமும் எழுத்துக்கு வழிகாட்டியிருக்கும்போது, ஆறு வயசுப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

பள்ளியில் பாட்டும் படமும் வந்ததற்குப் பின்னாலும் இப்படி ஒரு யோசனைதான் இருக்கிறது. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளை உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை வைத்ததும், வகுப்பறையில் குறுக்கே கம்பி கட்டி அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டதும் அப்போதுதான். 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதிலும் பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் பாடத்தோடு சேர்த்தே வைக்கப்பட்டன.

அதே நேரத்தில், "படிப்பே இல்லை" என்று புலம்புகிற தாய்மாரின் பேச்சையும் தள்ளிவிட முடியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலு வரி வாசிக்க வரவில்லை என்றால் அது கேட்க வேண்டிய கேள்விதான். பாட்டு மட்டும் பாடிவிட்டு எழுத்துக்கே போகாத வகுப்பும் உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை பாடுகிற பாட்டைப் புத்தகத்தில் காட்டி, எந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று விரல் வைக்கச் சொல்லுங்கள். விரல் சரியாகப் போனால் அந்தப் பாட்டுப் பாடமாகியிருக்கிறது. போகவில்லை என்றால் டீச்சரிடம் போய்ப் பேசுங்கள். பள்ளியை மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்ய ஒரு பைசா செலவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

2009-ல் வந்த கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையின் முழு வளர்ச்சியைப் பார்க்க வேண்டும், செய்து பார்த்தும் தேடிப் பார்த்தும் கற்க வழி வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளியில் கலை, உடற்கல்வி, கைத்தொழிலுக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இதன்படி 2012-ல் நம் மாநிலத்தில் பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஆனால் கவனியுங்கள், ஒன்று முதல் ஐந்து வரைக்கு அந்தச் சட்டத்தில் தனிக் கலை ஆசிரியர் இல்லை. தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியர்தான் எல்லாம். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்க்கிற பள்ளியில் முதலில் காணாமல் போவது படம் வரைகிற நேரம்தான். நோட்டில் கால அட்டவணை இருக்கும், வகுப்பு இருக்காது.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். நல்ல காரியம். கிராமத்துப் பிள்ளை பறை அடித்தும் சிலம்பம் சுற்றியும் மேடை ஏறுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் போட்டிக்குப் போவது திறமையுள்ள சில பேர். வகுப்பில் மீதி இருக்கிற பிள்ளைகளுக்கும் அந்த நேரம் வேண்டும்.

ஆண்டு விழாவைப் பற்றியும் கொஞ்சம் பேசியாக வேண்டும். சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், அதற்கு வாடகை உடை, மேக்கப். பணம் கட்ட முடியாத பிள்ளை கீழே உட்கார்ந்து கைதட்டும். நிறமான பிள்ளை முன்வரிசை, கறுத்த பிள்ளை பின்வரிசை என்று நிறுத்துகிற கொடுமையும் சில இடத்தில் நடக்கிறது. இந்த உடைக்கும் உள்கடன் கேட்டு வருகிறார்கள். கலை என்பது பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்த வேண்டியது. பிரித்து நிறுத்துகிற விழாவுக்கு நாம் வட்டி கட்ட வேண்டுமா? சட்டை, பாவாடை எதுவாக இருந்தாலும் போட்டுக்கொண்டு எல்லாப் பிள்ளைகளும் கும்மியடிக்கலாம், ஒயிலாட்டம் ஆடலாம். சொல்லித் தருவதற்கு நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள், நம் குழுவிலேயே இருக்கிறார்கள்.

நாம் செய்யக் கூடியது

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் மாநிலத்தில் 2022-லும் 2024-லும் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. உங்கள் குழுவிலிருந்து யார் அதில் இருக்கிறார் என்று இன்றே கேட்டுப் பாருங்கள். அவர் கூட்டத்தில் கழிப்பறை, குடிதண்ணீர் பற்றிக் கேட்பார், கேட்கவும் வேண்டும். அதோடு, கால அட்டவணையில் படத்துக்கும் பாட்டுக்கும் எந்தெந்த நாள், போன வாரம் அது நடந்ததா என்றும் கேட்கட்டும். கும்மி, கோலம், பனை ஓலைப் பொம்மை, களிமண் பொம்மை தெரிந்தவர்கள் மாதம் ஒரு நாள் வந்து சொல்லித் தரலாமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். பல ஆசிரியர்கள் சந்தோஷப்படுவார்கள். அவர்களுக்கும் கை உதவி வேண்டும்.

வீட்டில் வண்ணப் பெட்டி வாங்கக் காசில்லை என்று விட வேண்டாம். அடுப்புக்கரி கறுப்பு, செங்கல் தூள் சிவப்பு, மஞ்சள் பொடி மஞ்சள். செம்பருத்திப் பூவைக் காகிதத்தில் தேய்த்தால் ஊதா வரும், அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் சிவக்கும். மஞ்சள் தடவின காகிதத்தில் சோப்புத் தண்ணி பட்டாலும் சிவக்கும். சேலையில் மஞ்சள் கறை சோப்புப் பட்டுச் சிவப்பது நமக்குத் தெரிந்ததுதானே. பிள்ளை ஏன் என்று கேட்கும். காரணம் தெரியாவிட்டால் டீச்சரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

பிள்ளை வரைந்ததைக் காட்டும்போது "இது என்ன மாடா, எருமையா?" என்று சிரிக்க வேண்டாம். "இதைப் பத்திச் சொல்லு" என்று கேளுங்கள், போதும்.

கூட்டத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள். நம் ஊர்ப் பள்ளியில் போன வாரம் பிள்ளைகள் என்ன வரைந்தார்கள், என்ன பாடினார்கள்? நம் குழுவில் யாருக்கு எந்தக் கலை தெரியும்? ஆண்டு விழா உடைக்கு இதுவரை எவ்வளவு உள்கடன் போயிருக்கிறது என்று குழுப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பாட்டு, நடனம், ஓவியத்தில் ஆர்வம் அதிகமுள்ள பிள்ளைகளுக்காக, 5 முதல் 16 வயது வரை, கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. சனி, ஞாயிறு வகுப்பு. அருகில் எங்கே இருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.