நூறு டெசிபலில் எத்தனை நேரம்?

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியில் குளித்திருக்கிறீர்களா? பக்கத்தில் நிற்பவரிடம் எண்ணெய்ச் சீசாவைக் கேட்பதற்குக்கூடக் காதருகே கத்த வேண்டும். அங்கே நாம் நிற்பது சில நிமிடங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து மர அறுவை மில்களில் ரம்பம் ஓடும்போதும் இதே நிலைதான். ஆனால் தொழிலாளி அங்கே நிற்பது நாள் முழுவதும்.

கைநீட்டும் தொலைவில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், ஓசை ஏறத்தாழ 85 டெசிபலை எட்டிவிட்டது எனலாம். ரம்பத்தின் அருகே 100 டெசிபல் அரிதன்று. உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவில் உள்ள மயிர்ச்செல்கள் இத்தகைய ஓசையால் சிறிது சிறிதாக மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. வலியும் தெரியாது.

அப்படியானால் 100 டெசிபலில் எவ்வளவு நேரம் நிற்கலாம்? இதை வரையறுப்பவர் யார்? 1919-இல் தோன்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் இந்தியா தொடக்க உறுப்பினர். 1977-இல் அவ்வமைப்பு ஏற்ற 148-ஆம் உடன்படிக்கை, ஓசைக்கு வரம்பு வகுக்க வேண்டும் என்கிறது, எண்ணைச் சொல்லவில்லை. எண்ணை அந்தந்த நாடே முடிவு செய்கிறது.

இங்கேதான் வேடிக்கை. அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே இரு அமைப்புகளைத் தோற்றுவித்தது. சட்டத்தைச் செயற்படுத்தும் ‘ஓஷா’, 90 டெசிபலில் 8 மணி நேரம் அனுமதிக்கிறது. 5 டெசிபல் ஏறும்தோறும் நேரம் பாதியாகும். எனவே 100 டெசிபலில் 2 மணி. ஆராய்ந்து பரிந்துரை மட்டும் கூறும் ‘நையாஷ்’, 85 டெசிபலில் தொடங்கி 3 டெசிபலுக்கு ஒருமுறை பாதியாக்குகிறது. கணக்கிடுங்கள்: 88-இல் 4 மணி, 91-இல் 2, 94-இல் 1, 97-இல் அரை மணி, 100-இல் 15 நிமிடம்! காது என்னவோ ஒன்றுதான்.

இயற்பியல் யார் பக்கம்? டெசிபல் ஒரு மடக்கை அளவு. 2-இன் மடக்கை 0.301, அதைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 3. அதாவது 3 டெசிபல் கூடினால் காதில் விழும் ஆற்றல் இருமடங்காகிறது. நேரத்தைப் பாதியாக்கினால்தான் கணக்கு சரியாகும். 5 என்பது, ஓசை இடையிடையே ஓய்ந்து செவி சற்றுத் தேறும் என்ற எண்ணத்தில் தந்த சலுகை. மரம் குவிந்து கிடக்கும் நாளில் ரம்பம் அப்படி ஓய்ந்து நான் பார்த்ததில்லை!

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட மாதிரி விதிகளும் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்றே கொண்டன.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. ரம்பத்தருகே 100 டெசிபலில் நிற்பவர் அணிந்த காதடைப்பான் 15 டெசிபலைக் குறைக்கிறது. நையாஷ் முறைப்படி அவர் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்? காதில் வெறும் பஞ்சை வைத்துக்கொள்வதைக் காதடைப்பானாகச் சேர்க்காதீர்கள். அது தடுக்கும் ஓசை மிகக் குறைவு.