லேப்டாப்புக்கு டிஏசி வாங்குவதற்கு முன்

லேப்டாப்பில் சேமித்து வைத்திருக்கும் பாட்டு வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களை மின்னழுத்த அலையாக மாற்றித் தருவது டிஏசி. அந்த அலைக்கு ஹெட்போனை இயக்கும் பலத்தைக் கொடுப்பது ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப். ஹெட்போன் துளை உள்ள எல்லா லேப்டாப்பிலும் இவை இரண்டும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. அப்படியிருக்க, வெளியே தனியாக ஒன்றை வாங்கி யுஎஸ்பியில் செருகுவது சிலருக்குப் பெரிய பலன் தரும், பலருக்கு வீண் செலவாக முடியும். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை உங்கள் ஹெட்போன்தான் சொல்ல வேண்டும். ஆகவே கடைப் பக்கம் போவதற்கு முன் அதை எடுத்து மேசையில் வையுங்கள்.

அது ப்ளூடூத் ஹெட்போன் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டிஏசியும் ஆம்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன. வெளியே வாங்கும் கருவியால் அதன் ப்ளூடூத் ஒலியில் எதுவும் மாறாது. யுஎஸ்பி ஹெட்செட்டும் அப்படித்தான்.

முதலில், இருப்பதைச் சோதியுங்கள்

இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, லேப்டாப்பின் துளையில் ஹெட்போனைச் செருகுங்கள். மிக மெதுவான ஒரு பதிவை ஓடவிடுங்கள். ஆலாபனைக்கு முன்னால் தம்புரா மட்டும் ஒலிக்கும் இடம் இதற்கு நன்றாக உதவும். பின்னணியில் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்கிறதா? மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று ஏதாவது வருகிறதா? வந்தால், லேப்டாப்பின் உள்ளே மற்ற பாகங்களின் மின் இரைச்சல் ஒலிப் பாதையில் கலக்கிறது என்று பொருள். வெளி டிஏசி இதற்குச் சரியான மருந்து.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் ரீங்காரம் வந்தால் கதை வேறு. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால், எர்த் சரியாக உள்ள மூன்று முனை பிளக் பாயின்டில் ஒருமுறை செருகிப் பார்த்துவிட வேண்டும். நம் பழைய வீடுகளில் மூன்றாவது துளை இருந்தும் உள்ளே எர்த் கம்பி இல்லாத இடங்கள் நிறைய. லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் யுஎஸ்பி டிஏசி இந்தக் கோளாறைத் தீர்க்கும் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து ஒலி அளவு. அறுபது, எழுபது சதவீதத்திலேயே உங்களுக்குப் போதும் என்றால் ஆம்பின் பலத்தில் குறை இல்லை. இரைச்சலும் இல்லை, சத்தமும் போதும் என்றால், என் தீர்ப்பு இதுதான்: வைத்திருக்கும் பணத்தை இன்னும் நல்ல ஹெட்போனுக்குச் செலவிடுங்கள். இரண்டு ஹெட்போன்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம், பழுதில்லாத இரண்டு டிஏசிகளுக்கு நடுவே உள்ளதைவிடப் பல மடங்கு பெரிது.

2021 முதல் வந்த மேக்புக் ப்ரோ வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அதன் ஹெட்போன் துளை, செருகிய ஹெட்போனின் இம்பீடன்ஸை (மின் எதிர்ப்பை) அளந்து, 150 ஓமுக்குக் கீழே என்றால் 1.25 வோல்ட் வரையும், அதற்கு மேல் என்றால் 3 வோல்ட் வரையும் தரும். பெரிய ஸ்டுடியோ ஹெட்போன்களுக்கும் இது பெரும்பாலும் தாராளம்.

இரண்டு எண்களும் ஒரு கணக்கும்

ஹெட்போனின் பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று ஓமில் சொல்லப்படும் இம்பீடன்ஸ். மற்றொன்று, ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வரும் என்ற உணர்திறன். சில நிறுவனங்கள் மில்லிவாட்டுக்குப் பதிலாக ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு என்று போடும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுக்கத் தவறிவிடும்.

கணக்கு எளிது. இம்பீடன்ஸை ஆயிரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், ஒரு மில்லிவாட்டுக்குத் தேவையான வோல்ட் கிடைக்கும். அதற்கு மேல் வோல்ட் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் கூடும். நாம் சாதாரணமாக 75, 80 டெசிபெல் அளவில்தான் கேட்கிறோம் என்றாலும், மிருதங்கத்தின் ஒரு அடி, டிரம்மின் ஒரு அறை அதைவிடப் பல டெசிபெல் எகிறும். அதனால் கண நேர உச்சத்துக்கு 110 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால் எந்த இசையும் நெருக்கடிப்படாது.

ஆடியோ-டெக்னிகாவின் எம்50எக்ஸை எடுத்துக்கொள்வோம். 38 ஓம், 99 டெசிபெல். 0.2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே 99 வந்துவிடும், 0.8 வோல்ட் இருந்தால் 111. சுமார் ஒரு வோல்ட் தரும் ஆப்பிளின் சின்ன யுஎஸ்பி-சி அடாப்டரே இதற்குத் தாராளம். (ஐரோப்பாவில் விற்கப்படும் வகை அதில் பாதிதான் தரும்.) விரலளவு கம்பியாகத் தெரியும் அந்த அடாப்டருக்குள் முழுமையான டிஏசியும் ஆம்பும் இருக்கின்றன.

பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகை அப்படியல்ல. அதன் உணர்திறன் 96 டெசிபெல்; அரை வோல்ட்டில் 96, ஒரு வோல்ட்டில் 102, இரண்டு வோல்ட்டில் 108. ஆக 2.5 வோல்ட் தரும் ஆம்ப் வேண்டும்.

ஓம் அதிகமாக இருந்தால்தான் ஆம்ப் தேவை என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். ஹைஃபைமேனின் எச்இ-6 வெறும் 50 ஓம்தான். ஆனால் உணர்திறன் 83.5 டெசிபெல், 110ஐத் தொட 4.7 வோல்ட்டும், கிட்டத்தட்ட 450 மில்லிவாட்டும் கேட்கும். ஆப்பிளின் அடாப்டர் போன்ற சின்ன யுஎஸ்பி கருவிகளை டாங்கிள் என்பார்கள்; பெரும்பாலான டாங்கிள்களால் அதைச் சரிவர ஓட்ட முடியாது.

கருவியிடம் கேட்க வேண்டியது

ஆம்பின் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது மில்லிவாட் எண். எந்த ஓமுக்கு அந்த எண் என்று பாருங்கள். 32 ஓமில் மலைபோல் தெரிவது 300 ஓமில் சுருங்கிப் போகலாம். உங்கள் ஹெட்போனின் ஓமுக்கு அருகில் உள்ள எண் மட்டுமே உங்களுக்கானது.

பலரும் பார்க்க மறப்பது ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ். அது ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது: 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம், 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். தாண்டினால், ஸ்வரத்துக்கு ஸ்வரம் இம்பீடன்ஸ் மாறும் இயர்போன்களில் ஒலியின் நிறமே மாறிவிடும். இந்த விதியை 2011 வாக்கில் பரவலாக்கியவர் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளர். அளவீடுகளோடு நிரூபித்ததோடு நிற்காமல், ஓ2 என்ற ஆம்பை வடிவமைத்து, அதன் வரைபடத்தை எல்லோருக்கும் பொதுவில் வைத்தார். பெயரைக்கூட வெளியிடாமல் அவர் செய்த அந்த வேலைக்குக் குறைந்த விலையில் நேர்மையான ஆம்ப் வாங்கும் ஒவ்வொருவரும் கடன்பட்டிருக்கிறோம்.

காதுக்குள் செருகும், உணர்திறன் மிகுந்த இயர்போன் வைத்திருப்பவர்களுக்குப் பலத்தைவிட அமைதிதான் முக்கியம். பலமான மேசை ஆம்ப் அவற்றில் இரையும்; வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் தாங்காது. கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் மடங்கைக் குறைக்கும் பொத்தான் இல்லாத ஆம்பை அவர்கள் வாங்க வேண்டாம்.

எந்த உருவம்? பயணம் செய்பவருக்கு டாங்கிள். மேசையில் உட்கார்ந்து கேட்பவருக்குக் குமிழ் உள்ள, யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் பெட்டி. ஃபியோ இ10கே இந்த இனம். பசிகொண்ட ஹெட்போனுக்குத் தனி மின் அடாப்டர் உள்ள ஆம்ப். பாடிப் பதிவு செய்பவர் என்றால் இவை எதுவும் வேண்டாம், மைக் துளை உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். அதன் ஹெட்போன் பலத்தை மட்டும் மேலே சொன்ன கணக்கில் சரிபார்த்துவிடுங்கள்.

விட்டுத்தள்ள வேண்டிய எண்கள்

32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் போன்றவற்றுக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். 1982இல் சந்தைக்கு வந்த சி.டி.யின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதின் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டியே பதிவு செய்கிறது. மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் அதையே சி.டி. தரத்துக்கு இறக்கிய ஒலியையும் சாதாரண ஒலி அளவில் கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. கருவிக்குள் இருக்கும் டிஏசி சிப்பின் பெயரும் அப்படித்தான். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் ஆலை எரிந்தபோது, பல தயாரிப்பாளர்கள் வேறு நிறுவனத்தின் சிப்பை வைத்து அதே பெட்டியைத் தொடர்ந்து விற்றார்கள். சிப்பைச் சுற்றியுள்ள மின்சுற்றைக் கட்டிய விதத்தில்தான் தரம் இருக்கிறது.

வாங்கிய பிறகு

மேக்கிலும் லினக்ஸிலும் செருகினால் போதும். விண்டோஸ் 10இல் 2017 முதல் தேவையான டிரைவர் உள்ளேயே வந்துவிட்டது. ஒலி அமைப்புகளில் புதிய கருவியைத் தேர்ந்தெடுத்து, ‘என்ஹான்ஸ்மென்ட்’ என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் கடமை. ஆனால் கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நமக்கு நல்லதாகவே கேட்கும். எனவே 50 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் செருகிய நிலையில், மல்டிமீட்டரில் இரண்டின் ஏசி வோல்ட்டையும் ஒரு சதவீதத்துக்குள் சமமாக்குங்கள். பிறகு எது எதுவென்று உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றிச் செருகச் சொல்லிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், ஒவ்வொரு முறையும் குமிழைக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஹெட்போனைக் காதில் மாட்ட வேண்டும். பலமான ஆம்ப் ஒரு நொடியில் காதுக்குத் தீங்கு செய்யக்கூடியது. உலக சுகாதார அமைப்பின் அறிவுரைப்படி 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல்லில் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான்.