'கிராஃப்ட்' என்றால் என்ன?



பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ. சேர்க்கையின்போது 'கிராஃப்ட்ஸ்மென் டிரெய்னிங் ஸ்கீம்' என்ற பெயர் கண்ணில் படும். பள்ளியில் காகிதப் பூ செய்வதையே 'கிராஃப்ட்' என்று கேட்டுப் பழகிய பெற்றோர், இதுவும் அப்படி ஒரு வகுப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு வலிமை என்று பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் அதுவே பொருள். ஆங்கிலத்தில் அது திறமை என்றும், பயின்று கைவந்த தொழில் என்றும் விரிந்தது.

'ஹேண்டிகிராஃப்ட்' என்றால் கைவினை. நம் மலையின் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் பூவேலை இதற்கு நல்ல உதாரணம். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

'ஏர்கிராஃப்ட்' என்பது விமானம். 'கிராஃப்ட்' என்று தனியாக வந்தால் படகையும் குறிக்கும். நம் ஊர்ப் பெயரில் உள்ள தெப்பமும் ஒரு கிராஃப்ட்தான்! 'கிராஃப்டி' என்றால் தந்திரக்காரர், பாராட்டாகச் சொல்லிவிடாதீர்கள்.

'கிராஃப்ட்ஸ்மேன்' என்பவர் தொழிலை முறையாகக் கற்றுத் தேர்ந்தவர். 1950-இல் மத்திய அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில் எலக்ட்ரீசியன், ஃபிட்டர் படிப்புகள் 2 ஆண்டு; வெல்டர் 1 ஆண்டு.

தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பால் போர்க்கவசம் செய்தார்கள். அந்தத் தொழிலைக் குர்ஆன் 'ஸன்அத்' என்ற சொல்லால் குறிக்கிறது. நபிமார்கள் செய்த கைத்தொழில் நம் பிள்ளைகளுக்குக் குறைவாகுமா? பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கிவிடாமல், விவரம் கேட்டு அனுப்பி வையுங்கள்.