எக்செல்லில் ஒரு டிராஃபிக் சிக்னல்

நகரின் முக்கியச் சாலைகளில் சிக்னல்களை நவீனமாக்கப் போகிறோம் என்று மாநகராட்சி அறிவித்ததும் நமக்கு நினைவுக்கு வருவது கேமரா, எல்.இ.டி. விளக்கு, விநாடிகளைக் குறைத்துக் காட்டும் டைமர் ஆகியவைதான். இவை வெளியில் தெரியும் பாகங்கள். எந்தப் பக்கத்துக்கு எத்தனை விநாடி பச்சை என்ற கணக்குதான் சிக்னலின் மூளை. வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

வெப்ஸ்டர் ஃபார்முலா

இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஃப்.வி. வெப்ஸ்டர் 1958-ல் வெளியிட்ட ஃபார்முலா இது. இதற்கு மூன்று விவரங்கள் தேவை.

1. வருகை: ஒரு மணி நேரத்தில் வரும் வாகனங்கள். கார் 1 என்றால் டூவீலரைச் சுமார் அரை, பஸ்ஸைச் சுமார் 3 எனக் கொள்ளலாம். எதிரெதிர் திசைகளில் கூட்டம் அதிகமுள்ள பக்கத்தை எடுத்துக்கொள்ளவும்.

2. கொள்திறன்: ஒரு மணி நேரமும் பச்சையே எரிந்தால் கோட்டைத் தாண்டக்கூடிய வாகனங்கள்.

3. வீண் நேரம்: சிக்னல் மாறும்போது வண்டிகள் கிளம்பவும் சந்திப்பு காலியாகவும் ஆகும் விநாடிகள்.

வருகையைக் கொள்திறனால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். பிறகு:

சுழற்சி நேரம் = (1.5 × மொத்த வீண் நேரம் + 5) ÷ (1 − விகிதங்களின் கூட்டுத்தொகை)

ஷீட்டைத் தயாரிப்போம்

ஒரு கற்பனைச் சந்திப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வரிசையில் வடக்கு-தெற்கு சாலை: பி2-ல் வருகை 720, சி2-ல் கொள்திறன் 1800. மூன்றாம் வரிசையில் கிழக்கு-மேற்கு சாலை: பி3-ல் 540, சி3-ல் 1800. டி2-ல் பி2-வை சி2-வால் வகுக்கும் ஃபார்முலாவைக் கொடுத்து, டி3-க்குக் காப்பி செய்யுங்கள். 0.4, 0.3 என வரும். டி4-ல் கூட்டினால் 0.7.

வீண் நேரம் 8 விநாடி என்றால், (12 + 5) ÷ 0.3 = சுமார் 57 விநாடி. இதில் 8-ஐக் கழித்து, மீதி 49-ஐ 4:3 எனப் பிரித்தால் ஒரு சாலைக்கு 28, மற்றதற்கு 21 விநாடி பச்சை.

இப்போது வருகையை 900, 720 என மாற்றுங்கள். மொத்த வருகை மூன்றில் ஒரு பங்குகூட உயரவில்லை. ஆனால் சுழற்சி 170 விநாடியாகி விடுகிறது, அதாவது மூன்று மடங்கு! டி4-ன் மதிப்பு 1-ஐத் தொட்டால் எக்செல் பிழைச்செய்தி காட்டும். அந்தச் சாலைக்கு எவ்வளவு விலை உயர்ந்த சிக்னலை வாங்கினாலும் நெரிசல் தீராது என்பதே இதன் பொருள். வண்டிகளை வேறு வழியில் திருப்புவதோ பஸ்களைக் கூட்டுவதோதான் வழி.

ஃபார்முலாவில் இல்லாதவர்

இரவு நிலவரமாக 360, 180 கொடுங்கள். சுழற்சி சுமார் 24 விநாடி. கிழக்கு-மேற்குக்குப் பச்சை வெறும் 5 விநாடி. வடக்கு-தெற்கு சாலையை நடந்து கடப்பவர் இந்த 5 விநாடிக்குள்தான் கடக்க வேண்டும். சாலை 14 மீட்டர் அகலம் என்றால், விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கே 12 விநாடி ஆகும். 0.9 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 16 விநாடி. வெப்ஸ்டரின் கணக்கு வாகனங்களை மட்டுமே எண்ணுகிறது. எனவே மேக்ஸ் ஃபங்ஷன் மூலம் குறைந்தபட்சப் பச்சை 20 விநாடி என வைத்து, சுழற்சி நேரத்தை மீண்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். குறுக்குச் சாலைக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

எதை மேம்படுத்துவது?

காலைக்கும் இரவுக்கும் ஒரே நேரம் பொருந்தாது என்பது இப்போது புரிந்திருக்கும். எனவே முதல் படி, வாகனங்களைப் புதிதாக எண்ணி, வேளைக்கு ஒரு அட்டவணை அமைப்பது. இதற்குச் செலவு குறைவு.

அடுத்த படி சென்சார். சாலைக்கு அடியில் பதித்த கம்பிச்சுருள், மேலே உலோகம் வந்ததும் மின் மாற்றத்தை உணரும். சிட்னியில் 1970-களில் உருவான ஸ்கேட்ஸ், நிறுத்தக் கோட்டருகே உள்ள சென்சார்களைக் கொண்டு ஒவ்வொரு சுழற்சியிலும் நேரத்தை மாற்றுகிறது. பிரிட்டனின் ஸ்கூட், சற்றுத் தொலைவிலேயே வண்டிகளைக் கணக்கிட்டு விடுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1984 ஒலிம்பிக்கை ஒட்டித் தொடங்கிய கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் 2013-க்குள் எல்லா சிக்னல்களையும் இணைத்தது.

நெட்வொர்க்கில் இணைத்தால் பாதுகாப்பும் தேவை. 2014-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அனுமதி பெற்று ஒரு சிக்னல் நெட்வொர்க்கைச் சோதித்தனர். வயர்லெஸ் இணைப்பில் என்கிரிப்ஷன் இல்லை. கருவிகளில் தயாரிப்பாளர் கொடுத்த பாஸ்வேர்டே இருந்தது! வீட்டு மோடத்தில் நாம் செய்யும் அதே தவறு.

உங்கள் பகுதிச் சந்திப்பில் பாதுகாப்பான இடத்தில் நின்று 15 நிமிடம் வண்டிகளை எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். கொள்திறனை லேனுக்கு 1800 என வைத்து ஷீட்டில் கொடுங்கள். கிடைக்கும் விடையை அங்குள்ள சிக்னலின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் அதிகம் என்றால், அந்த ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுக்கலாம்.