ஜனவரியில் எழுத உட்காருகிறவர்களுக்கு

புத்தாண்டு பிறந்ததும் "இந்த வருசமாவது எழுதணும்" என்று நினைக்கிறவர்கள் மலேசியாவில் எங்கள் தம்பின் ஊரிலும் நிறைய உண்டு. எதை எழுதுவது என்ற இடத்தில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். நான் அடுப்படி மேசையில் உட்கார்ந்தே பல வருடங்களாகக் கதை எழுதிவருகிறேன். எழுத்துக்கு ஜனவரியைப் போலத் தோதான மாதம் வேறில்லை என்பது என் அனுபவம். பொங்கலுக்காக வீட்டைக் கழுவும்போது பழைய பெட்டிகள் வெளியே வரும். வெளியூர்ச் சொந்தங்களும் வந்து சேரும். பொருளும் அதைப் பற்றிச் சொல்லும் ஆளும் ஒன்றாகக் கிடைப்பது அப்போதுதான்.

அப்படி ஒரு பொங்கல் துப்புரவில், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் மாமியாரின் தகரப்பெட்டியிலிருந்து 555 நோட்டு ஒன்று கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற நோட்டு. மலேசியாவில் அப்போதெல்லாம் மளிகைக்கடைக் கடனுக்கு அதில்தான் கணக்கு எழுதினார்கள். அரிசி, கருவாடு, சார்டின், மண்ணெண்ணெய் என்று பென்சில் எழுத்து மங்கிக் கிடந்தது. மற்ற மாதங்களில் பக்கத்துக்குச் சில வரிகள்தான். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மட்டும் பக்கம் நிரம்பி ஓரத்திலும் எழுதியிருந்தது.

"ஏன் அத்தை, இந்த ரெண்டு மாசம் மட்டும் இவ்வளவு கடன்?"

"இலை கொட்டுற மாசத்துல பாலு ஏதும்மா? பாலு கொறஞ்சா சம்பளமும் கொறஞ்சுடும். கடைக்காரரு நோட்டுலதான் வயித்தக் கழுவுனோம்."

ரப்பர் மரம் வருடத் தொடக்க மாதங்களில் இலையுதிர்த்துத் துளிர்க்கும், அப்போது பால் குறையும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஊரெல்லாம் புது வருடம் கொண்டாடி முடித்த கையோடு தோட்டத்து வீடுகளுக்குப் பஞ்சகாலம் தொடங்கியது என்று நான் யோசித்ததே இல்லை. அந்த ஒரு பக்கத்திலிருந்து எனக்கு ஒரு முழுக் கதை கிடைத்தது.

பெரியவர்களிடம் கேட்கும் முறை முக்கியம். "அந்தக் கால வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வேலையைக் கேளுங்கள். "மரத்துக்கிட்ட போனதும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டபோது அத்தையின் கைகள் தாமாகவே அசையத் தொடங்கின. முதல்நாள் வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி நாடா போல உரித்தெடுத்து இடுப்புப் பைக்குள் போடவேண்டும். பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்துக் கவிழாமல் வைக்கவேண்டும். பிறகு பட்டையை மெலிதாகச் சீவவேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், மேற்பார்வை பார்க்கும் கிராணியிடம் ஏச்சு வாங்கவேண்டும். இவ்வளவையும் அவர் மேசை விளிம்பைப் பட்டையாக வைத்துச் செய்து காட்டினார். எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்கு இது கிடைத்திருக்காது.

வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியுமுன்பே ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்கள். நானும் அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன். வீடு விழித்துக்கொண்டால் அடுப்படி என்னுடையதாக இருக்காது.

வீட்டுக் கதை சின்னது என்று ஒதுக்காதீர்கள். எங்கள் தம்பின் மாவட்டத்துக் கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படை ஜப்பானியரைப் பதுங்கியிருந்து தாக்கியது 1942 ஜனவரி 14, பொங்கலை ஒட்டிய நாள். அந்தப் பொங்கலுக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அடுப்பு எரிந்ததா, சனங்கள் எங்கே ஓடி ஒளிந்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தில்தான் தேடவேண்டும். அதற்குப் பின் ஜப்பானியரால் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943-இல் முடிந்தது. ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அதை நாவலாக்கினார்கள். போனவர்களில் திரும்பாத ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது இந்தியாவுக்குக் கப்பலேறிய மாமாவோ சித்தியோ இருக்கலாம். குடியுரிமை இல்லாதவருக்குத் தந்த சிவப்பு அடையாள அட்டை இன்னும் அலமாரியில் இருக்கலாம். எடுத்துப் பாருங்கள்.

எழுதப் படிப்பு போதாது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழில் கதை வகுப்பு நடத்தி, சாதாரண வாசகர்களைக் கதை எழுத வைத்தார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதை அங்கிருந்து வலுப்பெற்றது. 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுவிட்டது. தோட்டங்களும் அப்படித்தான்: ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது, தொழிலாளர் லயங்கள் போய்த் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. சாட்சி சொல்ல மனிதர்கள்தான் மிச்சம், அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

ஆகவே இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் முடிந்து பெரியவர்கள் காலை நீட்டி உட்காரும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் செய்த வேலையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் பேசுவதை அவர்கள் பேச்சிலேயே அன்றிரவே எழுதிவிடுங்கள்.