கணக்கு புதிய கணனிக்கு முழுமையாக வந்து சேர்ந்ததா?

நம்மவர்களின் கடைகளிலும் மொத்த வியாபார நிலையங்களிலும் பல வருடங்களுக்கு முன் செய்வித்த கணக்கு மென்பொருட்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் சில பொக்ஸ்புரோவில் எழுதப்பட்டவை. விசுவல் பொக்ஸ்புரோவுக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015 ஜனவரியில் முற்றாக நிறுத்திவிட்டது. ஆகவே என்றாவது ஒரு நாள் மாறத்தான் வேண்டும்.

மென்பொருள்காரர் "எல்லாம் ஏற்றியாகிவிட்டது" என்றதும் மீதிப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். ஆனால் யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். எனவே சரிபார்ப்பது நமது பொறுப்பு.

பெரிய இடங்களிலும் இது தவறியிருக்கிறது. 2020 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பின் மூலம் மாற்றியது. அக்கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. 15,841 நோயாளர்களின் விபரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயின. நமது தரவும் பெரும்பாலும் எக்செல் வழியாகத்தான் போகிறது.

செய்ய வேண்டியவை இவை:

முதலாவது, மாத முடிவில் கணக்கை மூடி, பழைய கணனியில் பதிவதை நிறுத்துங்கள். முழுத் தரவையும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைக் கடைக்கு வெளியே வையுங்கள்.

இரண்டாவது, மாற்றுவதற்கு முன் பழைய மென்பொருளிலிருந்து இவற்றை அச்சிடுங்கள்: வாடிக்கையாளர் எண்ணிக்கை, வரவேண்டிய மொத்தக் கடன், கொடுக்க வேண்டிய கடன், சாமான் கையிருப்பின் அளவும் பெறுமதியும், கையிலுள்ள பின்திகதியிட்ட காசோலைகள், பரீட்சை மீதி. மாற்றிய பின் அதே அறிக்கைகளைப் புதியதிலும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு சதம் வித்தியாசமென்றாலும் காரணம் கேளுங்கள்.

வித்தியாசம் வந்தால் அதை இரண்டால் வகுத்துப் பாருங்கள். ஒருவர் 25,000 ரூபா முற்பணம் தந்திருக்க, அது கடனாக ஏறியிருந்தால் மொத்தம் 50,000 ரூபா கூடிக் காட்டும். கையால் பதிந்த தொகையென்றால் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம்மாறியிருக்கலாம்.

மூன்றாவது, மொத்தம் சரியென்று விட்டுவிடாதீர்கள். ஒருவரின் கடன் இன்னொருவரின் பெயரில் ஏறினாலும் மொத்தம் மாறாது. பெரிய தொகைக்காரர்கள் அனைவரையும், மற்றவர்களில் இருபது முப்பது பேரையும் தனித்தனியாகப் பாருங்கள். கொடுத்து முடித்த கடனை மீண்டும் கேட்பது அடுத்தவரின் ஹக்கில் கைவைப்பதாகும். பல வருட வாடிக்கையும் அதோடு போய்விடும்.

நான்காவது, தொகை அல்லாத விபரங்களைக் கவனியுங்கள். எக்செலில் தொலைபேசி இலக்கத்தின் முன்னுள்ள பூச்சியம் விழுந்துவிடும். 05/03 என்ற திகதி மார்ச் 5 ஆக இல்லாமல் மே 3 ஆக மாறலாம். காசோலைக்கு இது பெரிய ஆபத்து. பாமினி எழுத்துருவில் பதிந்த தமிழ்ப் பெயர்கள் யுனிகோடுக்கு மாற்றப்படாவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். டசின் கணக்கில் இருந்த சாமான் தனி எண்ணிக்கையாக ஏறியதா என்றும் பாருங்கள்.

ஐந்தாவது, குறைந்தது ஒரு மாதமாவது இரண்டிலும் பதிந்து, மாத முடிவில் ஒப்பிடுங்கள். ஊழியருக்கு இரட்டை வேலைதான். ஆனால் பிழை வாடிக்கையாளரிடம் போகுமுன் நம் கைக்கு வந்துவிடும்.

பழைய கணனியை உடனே விற்றுவிடாதீர்கள். முந்திய வருடங்களின் கணக்கை இறைவரித் திணைக்களம் கேட்கலாம். மென்பொருள்காரருடன் பேசும்போதே, கடைசித் தவணைப் பணம் இந்த ஒப்பீடு முடிந்து நீங்கள் கையொப்பமிட்ட பிறகுதான் என்று எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.