முதலாளி இல்லாமல் கிரீன் கார்டு மனு: அதிகாரி எதைப் பார்க்கிறார்?

பொறியியல், மருத்துவ ஆய்வு, கணினி என்று படித்த நம் பிள்ளைகளிடையே இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது: "அமெரிக்கக் கிரீன் கார்டுக்குக் கம்பெனி தேவையில்லை, நாமே மனுப் போடலாம்." பேச்சு உண்மைதான். ஆனால் நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன், எந்த மனு ஏற்கப்படுகிறது, ஏற்கப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து தெரிந்துகொள்வது நல்லது.

எந்த மனு?

வேலைவாய்ப்பு வழியில் கிரீன் கார்டு பெற, வழக்கமாக ஓர் அமெரிக்க நிறுவனம் ஐ-140 என்ற படிவத்தில் மனுச் செய்யும். இந்தப் படிவத்தில் இரண்டு பிரிவினர் மட்டும் தமக்காகத் தாமே மனுச் செய்யலாம். ஒன்று, தம் துறையில் உச்சத்தில் இருப்பவர்களுக்கான இ.பி.-1ஏ. மற்றது, இ.பி.-2 பிரிவில் உள்ள 'தேசிய நலன் விலக்கு'. நம் பிள்ளைகள் அதிகம் கேட்பது இரண்டாவதைப் பற்றித்தான்.

இதற்கு முதலில் பெரும்பாலும் படிப்புத் தகுதி பார்க்கப்படும். முதுகலை அல்லது முனைவர் பட்டம் இருக்கலாம். இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகு 5 ஆண்டுகள் படிப்படியாக உயர்ந்த அனுபவம் இருந்தாலும் போதும். ஆனால் நம் நாட்டு மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் மட்டும் இருந்தால், அதை அமெரிக்க நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாகப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பலருடைய மனு இந்த முதல் படியிலேயே தடுக்கிவிடுகிறது.

தனசார் தீர்ப்பு சொல்வது

இந்த மனுக்களை எடைபோடும் முறையை, 2016 டிசம்பரில் குடிநுழைவுத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் 'தனசார்' என்ற வழக்கில் வகுத்தது. அதன்படி மூன்று கேள்விகள்:

1. செய்யப்போகும் பணிக்கு உண்மையான மதிப்பும், நாட்டளவிலான முக்கியத்துவமும் உண்டா?
2. அந்தப் பணியை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் மனுதாரர் இருக்கிறாரா?
3. வேலை வழங்குபவரும் தொழிலாளர் சான்றும் வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பது, கூட்டிக் கழித்துப் பார்த்தால், அமெரிக்காவுக்கு நன்மையா?

அந்த வழக்கின் மனுதாரர் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர். முனைவர் பட்டம் பெற்றவர். ஆய்வு செய்வது, கல்லூரியில் கற்பிப்பது என்று இரண்டு பணிகளை முன்வைத்தார். கற்பித்தல் மதிப்புள்ளது என்று அலுவலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் அவர் வகுப்பறைக்கு அப்பால் அந்தத் துறை முழுவதற்கும் அதனால் என்ன பயன் என்பதை ஆவணங்கள் காட்டவில்லை. ஆகவே அந்தப் பகுதி தேறவில்லை. அவருடைய ஆய்வைக் கொண்டே மனு ஏற்கப்பட்டது. ஒரே மனிதர், ஒரே படிப்பு. ஒரு பணி தேறியது, மற்றது தேறவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். "என் மகன் கெட்டிக்காரன்" என்பது அதிகாரியின் கேள்விக்குப் பதில் ஆகாது. அவன் என்ன செய்யப் போகிறான், அது யாருக்கெல்லாம் பயன்படும், அதற்கு என்ன ஆதாரம் என்பதே கேள்வி.

எடை சேர்ப்பவை

தெளிவான திட்டம்: "மென்பொருள் துறையில் வேலை செய்வேன்" என்று எழுதினால் போதாது. எந்தச் சிக்கலை, எப்படித் தீர்க்கப் போகிறார் என்று இருக்க வேண்டும்.

நடந்த வேலையின் தடயம்: வெளியான ஆய்வுகள், அவற்றைப் பிறர் எடுத்தாண்ட விவரம், காப்புரிமை, ஆய்வு நிதி, உருவாக்கியதைப் பிறர் பயன்படுத்துவதற்கான சான்று.

பரிந்துரைக் கடிதங்கள்: பேராசிரியர் புகழ்ந்து எழுதுவதைவிட, நேரில் பழகாமல் வேலையை மட்டும் அறிந்த ஒரு நிபுணரின் கடிதம் அதிகம் பேசும். கடிதம் சொல்வதை வேறு ஆவணமும் நிரூபிக்க வேண்டும்.

மனுப் போடும் நாளில் தகுதி: அன்றைக்குத் தகுதி முழுமையாக இருக்க வேண்டும். பிறகு வெளிவரும் கட்டுரையால் அந்தக் குறையை அடைக்க முடியாது.

பெயர் ஒற்றுமை: நம் வீடுகளில் இது பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் முஹம்மது, சான்றிதழில் முகமது, கட்டுரையில் வெறும் இனிஷியல் என்று இருந்தால், எல்லாரும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை நம் தலையில் விழும். இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

எடை சேர்க்காதவை

கூடுதல் கட்டணம் கட்டும் விரைவுச் சேவை, முடிவை 45 வேலை நாட்களுக்குள் வரவழைக்கும். சாதகமான முடிவை வரவழைக்காது. காசு கொடுத்து வாங்கிய விருதும், பணம் கட்டினால் எதையும் அச்சிடும் இதழில் வந்த கட்டுரையும் மதிப்பைக் குறைக்கவே செய்யும். பொய் ஆவணம் கொடுத்தது தெரிந்தால், மனு மறுக்கப்படுவதோடு அமெரிக்காவுக்குள் நுழைய வாழ்நாள் தடையே வரலாம். "ஏஜென்ட்தான் தயாரித்தார்" என்ற சமாதானம் எடுபடுவது கடினம். கையெழுத்து நம் பிள்ளையுடையது.

ஏற்கப்பட்ட பிறகு

ஐ-140 ஏற்கப்பட்டால் கையில் கிடைப்பது கிரீன் கார்டு அல்ல, வரிசையில் ஓர் இடம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடைக்காது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இ.பி.-2 வரிசை பத்தாண்டுகளுக்கும் மேல் நீள்கிறது. மனைவியோ கணவரோ இலங்கை, சிங்கப்பூர் போன்ற வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால் அந்த நாட்டு வரிசையைப் பயன்படுத்தலாம். இதை வழக்கறிஞரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பிள்ளைகள் 21 வயதைத் தாண்டினால் பெற்றோருடன் சேர்ந்து பெறும் உரிமையை இழக்க நேரும். மனு பரிசீலனையில் இருந்த நாட்களைத்தான் வயதிலிருந்து கழிப்பார்கள். வரிசையில் நின்ற ஆண்டுகளைக் கழிக்கமாட்டார்கள். ஆகவே இன்று பத்து வயதாகும் குழந்தையின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். மனுப் போட்டவர் பிறகு மாணவர் விசாவோ சுற்றுலா விசாவோ கேட்கும்போது, "நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் உள்ளவர்" என்று மறுக்கப்படவும் இடமுண்டு.

பணம் கட்டும் முன்

ஏஜென்டிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நீங்கள் அமெரிக்காவில் உரிமம் பெற்ற வழக்கறிஞரா? என் மகனின் பணிக்கு நாட்டளவிலான முக்கியத்துவம் எங்கே இருக்கிறது? எங்கள் வரிசை எத்தனை ஆண்டு? "நிச்சயம் கிடைக்கும்" என்று ஒருவர் உத்தரவாதம் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த உத்தரவாதத்தை யாராலும் கொடுக்க முடியாது.